ஹங்கேரியன் கட்டடத்துச் சுப்பையன்

திமிரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. திமிர் பிடித்த மனுஷன் ஒன்பது வருஷம் செத்தவர்களுக்குக் காவல் இருப்பானா? ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளியை இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டு, ஊரார் பிள்ளைகளின் அப்பா அம்மாவைத் தூசி தட்டித் தட்டி வைப்பானா? வசந்தாமணி சொல்கிறாள் என்று எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள்.

"நேருக்கு நேரா நின்னு கூப்புடறேனுங்க. சுப்பையண்ணா, சுப்பையண்ணான்னு நாலு தடவ. காதுலயே வாங்காம போறாரு. மனசுல குத்தம் இருக்கறவங்கதான் அப்படித் தலையக் குனிஞ்சுட்டுப் போவாங்க" என்று அவள் தமிழ் வாட்ஸப் குழுவில் பேசிப் போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே பதினேழு பேர் கைகூப்பிய பொம்மை வேறு. அந்த மனுஷன் அன்றைக்கு எந்த வாசலிலிருந்து வெளியே வந்தார் என்று பதினேழு பேரில் ஒருத்தராவது யோசித்தார்களா?

இன்னொன்றும் சொல்கிறார்கள். சுப்பையன் வாயில் சனி இருக்கிறதாம். சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லக்கூடாத இடத்தில் தினமும் சொன்னாராம். நியூஜெர்சியில் ஐசலினிலிருந்து ஈஸ்ட் பிரன்ஸ்விக் வரைக்கும் இதே பேச்சு. சொன்னார்தான். அதை அவரே மறைக்கவில்லை. ஆனால் முதலில் சொன்னது அவர் இல்லை. யார் சொன்னது, எதற்காக இவர் அதைப் பிடித்துக்கொண்டார் என்பதைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

சுப்பையனுக்கு சாத்தூர்ப் பக்கம். பார்சிப்பனியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினாறு வருஷம் டெஸ்டிங் வேலை பார்த்தார். அடுத்தவர் எழுதின புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிற வேலை. ஒரு தடவை தப்பு வந்தால் அவர் நம்ப மாட்டார். "இன்னொரு தடவை ஓட்டு" என்பார். பத்துத் தடவை ஓட்டி, பத்துத் தடவையும் அதே தப்பு வந்தால்தான் கையெழுத்துப் போடுவார். கம்பெனி வேறு ஊருக்குப் போனது. ஐம்பத்துநாலு வயசில் அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஒரு வருஷம் நூறு இடத்துக்கு அப்ளை பண்ணினார். யாரும் கூப்பிடவில்லை. அப்புறம்தான் அந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனார்.

நம்மவர்கள் அதை ஹங்கேரியன் கட்டடம் என்பார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஹங்கேரியிலிருந்து வந்து இங்கே செங்கல் சூளையிலும் செம்பு ஆலையிலும் உழைத்தவர்கள் சங்கம் வைத்துக் கட்டியது. செத்தவர்களை மண்ணில் புதைக்காமல் சுவருக்குள் வைப்பார்கள். உள்ளே போனால் இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை பளிங்குப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். கடைசியில் வர்ணக் கண்ணாடி ஜன்னல். அதற்குக் கீழே, எரிக்கப்பட்டவர்களின் சாம்பலை வைக்கக் கண்ணாடிக் கதவு போட்ட சின்னச் சின்ன மாடங்கள். காலையில் ஒன்பதுக்குத் திறந்து, கூட்டித் துடைத்து, நாலு மணிக்குப் பூட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவர் போனபோதே கட்டடத்துக்கு வயசாகிவிட்டது. சங்கத்தில் எட்டுப் பேர் மிச்சம், எல்லாரும் கைத்தடிக்காரர்கள். பிள்ளைகள் புளோரிடாவிலும் கரோலினாவிலும். வாரம் தவறாமல் வருகிறவள் மார்கிட் என்ற கிழவி ஒருத்திதான். அப்பாவின் பலகையை இரண்டு தட்டுத் தட்டி, அம்மாவின் பலகையை இரண்டு தட்டுத் தட்டி, "அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அறுபது வருஷமாக அதையேதான் சொல்கிறாள். அவள் வாயில் சனி என்று யாரும் சொல்லவில்லை.

சரி, இரண்டாயிரத்து இருபதுக்கு வருவோம்.

அந்த ஏப்ரல் மாசம் எப்படி இருந்தது என்பது நியூஜெர்சியில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகனம் செய்யவே வரிசை. சாம்பல் கையில் வந்தால் ஊருக்குக் கொண்டுபோக விமானம் இல்லை. அஸ்தியை வீட்டுக்குள் வைக்கிற வழக்கமும் நமக்கு இல்லை. எடிசனில் ஒருத்தர் தன் அப்பாவின் கலசத்தைக் காரேஜில் பனி அள்ளும் மிஷினுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் வைத்துவிட்டு, குடும்பத்தோடு பதினைந்து நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். சுப்பையன்தான் மார்கிட்டிடம் போய்க் கேட்டார். "மாடமெல்லாம் சும்மாதானே கிடக்கு. விமானம் விடற வரைக்கும் எங்க ஆளுங்களை வெச்சுக்கிறேன்." கிழவி, "ஏன், எங்களவர்கள் துணை இல்லாமல்தானே இருக்கிறார்கள், வரட்டும்" என்றாள். அப்படிப் பத்தொன்பது கலசம் வந்தது. அப்போது இதே வசந்தாமணி, "சுப்பையண்ணன் மாதிரி ஒருத்தரு கெடைக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணுமுங்க" என்று போன் பண்ணிப் பண்ணிச் சொன்னாள். அவள் மாமியாரின் கலசம் மூன்றாவது மாடத்தில்.

ஏழாவதாக வந்தவர் ஈஸ்ட் பிரன்ஸ்விக் பத்மநாபன். மருந்துக் கம்பெனியில் வேலை, ஐம்பத்தொன்பது வயசு. மனைவி ஷ்யாமளாவுக்கும் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்திருந்தாள். ஒரே பெண் மாளவிகா, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இருபத்துநாலு வயசு, அம்மாவைப் பார்த்துக்கொண்டு மேல்மாடியில் அடைந்து கிடந்தாள். வெளியே வர முடியாது. அதனால் சுப்பையன் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கலசத்தை மாடத்தில் வைத்தார். போனுக்குள் நாற்பது சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு முகம். எல்லாரும் வாயை மியூட்டில் போட்டு அழுதார்கள்.

கண்ணாடிக் கதவைச் சாத்தப் போகும்போது மாளவிகா, "அங்கிள், ஒன் மினிட்" என்றாள். போனைக் கிட்டத்தில் காட்டினார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, தெளிவான தமிழில் சொன்னது:

"அப்பா, போயிட்டு வரேன்."

யாரோ மியூட்டை எடுத்தார்கள். "ஐயய்யோ, என்ன சாமி சொல்லிப்போட்ட! அங்க போய் வரேன்னு சொல்லுவாங்களா?" வசந்தாமணியின் குரல். "கட் பண்ணுங்க, கட் பண்ணுங்க" என்று இன்னொருத்தர். சாவு வீட்டிலும் சுடுகாட்டிலும் நம்மவர்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள், திரும்பிப் பார்க்காமல் போவார்கள். மறுபடி இந்த வாசலுக்கு வரும்படி ஆகிவிடக்கூடாதே என்று. எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவளுக்கு எப்படித் தெரியும்? தினமும் ஸ்கூல் பஸ் ஏறும்போது ஷ்யாமளா, "போறேன்னு சொல்லக்கூடாது கண்ணா, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தாள். அவள் வாயில் முழுசாக வந்த முதல் தமிழ் வாக்கியமே அதுதான். அதைச் சொல்லக்கூடாத இடம் ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளை யார் சாவு வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள்? தாத்தா செத்தாலும் பாட்டி செத்தாலும் அவர்களுக்கு அது போனில் வருகிற சமாசாரம்.

சுப்பையனும் அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லவில்லை. போனை மூடிவிட்டார்.

இருபத்திரண்டாம் நாள் ஷ்யாமளாவும் போய்விட்டாள்.

ஒரே வீடு, ஒரே காற்று, ஒரே நோய். அதில் என்ன அதிசயம்? ஆனால் வசந்தாமணி பேசி அனுப்பினாள்: "வரேன்னு அந்தப் புள்ள வாயாலயே சொல்லுச்சு. கேட்டுட்டுத்தான வந்துச்சு." யாரோ அதை யாருக்கோ அனுப்ப, அது சுற்றிச் சுற்றி மாளவிகா போனுக்கே வந்துவிட்டது. ஷ்யாமளாவின் கலசத்தை வைக்கும்போது சுப்பையன் வீடியோவில் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. அம்மாவை அப்பா பக்கத்திலேயே வைத்துவிட்டு அவர் மட்டும் அங்கே நின்றார். அடுத்த மாசம் அந்தப் பெண் வீட்டை விற்கச் சொல்லிவிட்டு கலிபோர்னியாவுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டார்.

ஷ்யாமளாவை வைத்த அன்றைக்கு நாலு மணிக்குப் பூட்டும்போதுதான் அவருக்கு டெஸ்டிங் புத்தி வந்தது. மாளவிகா ஒரு தடவை சொன்னாள், ஒரு சாவு வந்தது. அதனால் வந்ததா, அது பாட்டுக்கு வந்ததா? இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும்? யாரை வைத்து ஓட்டுவது? தன்னை வைத்துத்தான். கதவில் கையை வைத்து, உள்ளே இருட்டைப் பார்த்து, சத்தமாகச் சொன்னார்.

"போயிட்டு வரேன்."

வீட்டுக்குப் போனதும் குளித்துவிட்டு நேரே ருக்மிணியிடம் போனார். "உனக்குக் காய்ச்சல் அடிக்குதா பாரு."

"எனக்கு எதுக்குக் காய்ச்சல் அடிக்கணும்?" என்றாள் ருக்மிணி, அவர் மனைவி. விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருச்சா? வெளையாடுறதுக்கு என் உசிருதான் கிடைச்சுதா?"

"உன் உசிரு மட்டும் இல்லட்டி. என்னுதும் இருக்குல்ல."

"ஆமா, ரெண்டும் சேந்துல்ல போகும்!"

மறுநாளும் சொன்னார். அதற்கு மறுநாளும். வாசலில் பார்வையாளர் புத்தகம் ஒன்று இருந்தது, வருகிறவர்கள் கையெழுத்துப் போட. யாரும் வராததால் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. அதில் கோடு போட்டார். தேதி, சொன்ன நேரம், ரிசல்ட். ரிசல்ட் என்ற கட்டத்தில் மறுநாள் காலையில் எழுதுவார்: ஒன்றும் இல்லை.

விமானம் ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொருத்தராக வந்து கலசத்தை எடுத்துப் போனார்கள். வசந்தாமணி உள்ளே வர மாட்டேன் என்றாள். "எனக்கு இந்த எடமெல்லாம் ஆகாதுங்ணா, நீங்களே கொண்டாந்து குடுத்துருங்" என்று பார்க்கிங்கில் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை வருஷம் காபந்து பண்ணின மாமியாரை அவரே சுமந்து போய் சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டார். திரும்பி வந்து கதவைப் பூட்டினார். வழக்கம்போலச் சொன்னார். அவள் காதில் விழுந்துவிட்டது. காரை எடுத்த வேகத்தில் கலசம் சாயாமல் இருந்ததே பெரிசு.

அன்றோடு போயிற்று. அடுத்த நவராத்திரிக்கு ருக்மிணிக்கு யாரும் கொலு அழைப்பு அனுப்பவில்லை. "இந்த வருஷம் சின்னதா வெக்கறோம் ருக்மிணி" என்று ஒருத்தி மெசேஜ் பண்ணினாள். அதே ஒருத்தி இருபது பேர் சுண்டல் கிண்ணத்தோடு நிற்கிற போட்டோவை மறுநாள் குழுவில் போட்டாள். கிரகப்பிரவேசம், சீமந்தம், பிறந்தநாள், எதற்கும் இல்லை. ஓக் ட்ரீ ரோடில் மளிகை வாங்கப் போனால் எதிரே வருகிறவர்கள் திடீரென்று புடவைக் கடைக் கண்ணாடியைப் பார்ப்பார்கள். ருக்மிணி வேலை பார்க்கும் டேகேரில் ஒரு தமிழ்ப் பெண், தன் குழந்தையை வேறு ஆயாவிடம் மாற்றச் சொன்னாள். அன்றைக்குத்தான் ருக்மிணி நிஜமாகவே அழுதாள்.

"நிறுத்திருங்க. உங்களுக்கு ரிசல்ட் வந்தாச்சுல்ல? ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்சு போச்சுல்ல?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? அந்தப் புள்ளைக்குல்ல தெரியணும்" என்றார் சுப்பையன். "அது வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. அது வர்ற வரைக்கும் அதுக்குப் பதிலா நான் சொல்லுதேன்."

இதுதான் அவர் மனசில் இருந்தது. பத்தொன்பதில் பதினேழு போய்விட்டன. பத்மநாபனும் ஷ்யாமளாவும் மட்டும் அந்த மாடத்தில். மாசத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை மாளவிகாவுக்குப் போன் பண்ணுவார். வாய்ஸ்மெயில்தான். அதிலேயே பேசிவிட்டு வைப்பார். "நான் சுப்பையன் அங்கிள் பேசுறேம்மா. அப்பா அம்மா ரெண்டு பேரும் சௌக்கியம். மழை ஒழுகுனது அந்தப் பக்கம்தான், இவங்க மேல படலை. இருந்தாலும் ஒரு வரிசை மேல ஏத்தி வெச்சிருக்கேன். நீ மெதுவா வா." சௌக்கியம் என்று சொல்லலாமா என்று ஒவ்வொரு தடவையும் வைத்த பிறகு யோசிப்பார். வேறு வார்த்தை தோன்றாது. அடுத்த மாசமும் சௌக்கியம்தான்.

கட்டடம்தான் சௌக்கியமாக இல்லை. மழைநீர்க் குழாய் செம்பு என்று எவனோ இரவோடு இரவாகப் பிடுங்கிக்கொண்டு போனான். கூரைமேல் போட்ட நீலத் தார்ப்பாய் காற்றில் கிழிந்து வால் மாதிரி ஆடியது. ஹீட்டர் நின்றது. பனிக்காலத்தில் சுப்பையன் கோட்டும் குல்லாயுமாக நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டு, பத்மநாபனுக்கு கிரிக்கெட் ஸ்கோர் சொல்லுவார். பேச வேறு ஆள் இல்லை. ஒரு மார்ச் மாசம் மேல்வரிசைப் பளிங்குப் பலகை ஒன்று தானாகக் கழன்று விழுந்து தரையில் சுக்குநூறாயிற்று. பெயர் எழுதின துண்டுகளை அவர் பொறுக்கி, தரையில் சேர்த்து வைத்துப் பார்த்தார். நடுவில் ஓர் எழுத்து கிடைக்கவே இல்லை. டவுன்ஷிப் ஆபீஸிலிருந்து வந்தவன், கட்டடம் ஆபத்து என்று கதவில் ஆரஞ்சுத் தாள் ஒட்டினான்.

சங்கத்தில் அப்போது மூன்று பேர். ஒருத்தர் வீல்சேரில், ஒருத்தருக்குத் தன் பெயரே நினைவில்லை. மார்கிட்தான் கையெழுத்துப் போட்டாள். கோர்ட் உத்தரவு வந்தது: எல்லாரையும் வேறு கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றி, கட்டடத்தை மூட வேண்டும். இரண்டாயிரத்து இருபத்தைந்து அக்டோபர் இருபத்துநாலு, வெள்ளிக்கிழமை நாலு மணி, கடைசி. அதற்குள் சொந்தக்காரர்கள் வந்து வாங்காத சாம்பலெல்லாம் ஒரே குழியில் ஒன்றாகப் போய்விடும். அதற்கு மேல் யார் வந்து அழுதாலும் எடுக்க முடியாது.

உத்தரவு வந்த அன்றைக்கே சுப்பையன் மாளவிகாவுக்கு வாய்ஸ்மெயிலில் பேசினார். தேதியைச் சொன்னார். ஒரே குழி என்றும் சொன்னார். சௌக்கியம் என்று சொல்லவில்லை.

பத்து நிமிஷத்தில் போன் திரும்பி அடித்தது. ஐந்தரை வருஷத்தில் முதல் தடவை.

"அங்கிள்." மாளவிகாதான். "எல்லா வாய்ஸ்மெயிலும் கேட்டிருக்கேன். ஒண்ணுகூட டிலீட் பண்ணல."

"வாம்மா."

"ஐ காண்ட். நான் அங்க ஒரு தடவ பேசினேன், அம்மா போயிட்டாங்க. எவ்ரிபடி நோஸ். இப்ப எனக்கு ஒரு பையன் இருக்கான் அங்கிள், எட்டு மாசம். நான் மறுபடி அங்க வந்து, இன்னும் யாருக்காவது..."

"நான் தினமும் சொல்றேன்மா" என்றார் சுப்பையன்.

"வாட்?"

"நீ சொன்னதை. போயிட்டு வரேன்னு. பூட்டும்போது தினமும். அம்மாவை வெச்ச அன்னையிலிருந்து."

சுப்பையன் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆயிரத்தைந்நூறு தடவைக்கு மேல ஓட்டிப் பாத்தாச்சு. ரிசல்ட் எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். எனக்கும் ஒண்ணும் இல்லை, உங்க ஆன்ட்டிக்கும் ஒண்ணும் இல்லை. ஒரு தடவை ஆன்ட்டிக்குக் கை முறிஞ்சுது. அதையும் எழுதியிருக்கேன், மறைக்கலை. காரணம், ஐஸ். அவ விழுந்தது மத்தியானம் ரெண்டு மணிக்கு, நான் சொன்னது நாலு மணிக்கு. அதனால அது கணக்கில வராது."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அங்கிள், நானும் சாப்ட்வேர்தான். உங்க சாம்பிள் சைஸ் ஒரு வீடுதான்."

"வேற எந்த வீட்டுக்காரன் தாயி இதுக்கு வருவான்?" என்றார்.

அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

அக்டோபர் முழுக்க லாரிகள் வந்தன. பலகைகளைக் கழற்றி, பெட்டிகளை இறக்கி, பெயர் சரிபார்த்து ஏற்றினார்கள். மார்கிட் தன் அப்பா அம்மா பின்னாலேயே காரில் போனாள். போகும்போது சுப்பையன் கையை இரண்டு தட்டுத் தட்டினாள். "என் ஞாயிற்றுக்கிழமை இனிமேல் ரொம்ப தூரம்" என்றாள். மூன்றாவது வாரத்தில் இரண்டு பக்கச் சுவரும் வெறும் பொந்துகள். பேசினால் சத்தம் திரும்பி வந்தது. கிரிக்கெட் ஸ்கோரைக்கூட அவர் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

கடைசி வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவர் வாசலிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ருக்மிணி எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். அவர் டப்பாவைத் திறக்கவில்லை. பக்கத்து சர்ச் ஹாலில் தமிழ்ச் சங்கத்துத் தீபாவளி நிகழ்ச்சிக்கு ஒத்திகை. இரண்டு மணியிலிருந்து கார்கள் வந்து வந்து நின்றன. ஒவ்வொரு கார் திரும்பும்போதும் எழுந்து நின்றார். பட்டுப்பாவாடையில் குழந்தைகள் இறங்கி ஹாலுக்குள் ஓடின. அவரைப் பார்த்ததும் அம்மாக்கள் குழந்தைகளை அந்தப் பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று மணிக்கு டவுன்ஷிப் ஆள் வந்து, "இன்னும் இரண்டுதானே?" என்று கேட்டு, லிஸ்டில் பார்த்தான். "நாலு வரைக்கும் டைம் இருக்கு" என்றார் சுப்பையன். "இருக்கு, இருக்கு" என்று அவன் காரில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மூன்றரைக்கு ஒரு வெள்ளைக் கார், வாடகைக் கார், இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. இறங்கியவளை அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. போனில் பார்த்த முகம் சின்ன முகம்.

"அங்கிள், நியூவர்க் ஏர்போர்ட்லேந்து நேரா வரேன். பையன் அவங்க அப்பாகிட்ட இருக்கான்" என்றாள். படியில் கால் வைத்தவள், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சுப்பையன் முன்னால் போகவும் இல்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. பார்வையாளர் புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தமிழ் எழுத்து அவளுக்குப் படிக்க வராது. "இது என்ன?" என்று ரிசல்ட் கட்டத்தைத் தொட்டுக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லை."

"இது?"

"ஒண்ணும் இல்லை."

"இது எல்லாமேவா?"

"எல்லாமே அதேதான்மா."

அவள் புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

மாடத்தின் கண்ணாடி அன்று காலையிலும் துடைத்ததுதான். அவர் சாவி போட்டுத் திறந்து தள்ளி நின்றார். அவளே முதலில் அப்பாவை, அப்புறம் அம்மாவை எடுத்தாள். ஒவ்வொரு கலசத்தின் கீழேயும் பிளாஸ்டிக் பையில் மரணச் சான்றிதழ், தகனச் சான்றிதழ், எல்லாம் மடியாமல் இருந்தன. விமானத்தில் கேட்பார்கள் என்று அவர் அப்போதே சேர்த்து வைத்தது. "ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போறேன். ஸ்ரீரங்கத்துல சித்தப்பா வெயிட் பண்றார்" என்றாள். இரண்டையும் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சுப்பையன் வர்ணக் கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எவ்வளவு நேரம் என்று அவர் பார்க்கவில்லை.

காருக்குப் போகிற நேரத்தில் வாசலில் அவள் நின்றாள். வெறும் சுவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாய் திறந்தது.

சுப்பையன் தலையை ஆட்டினார். "வேண்டாம்மா."

அவள் முகம் சுருங்கியது. "ஆனா நீங்கதானே சொன்னீங்க, சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு?"

"ஆகாது. அதுக்கு இல்லை. நீ அன்னைக்கு வரேன்னு சொன்னே. வந்துட்டே. இதுக்கு மேல இங்க வர்றதுக்கு யாரு இருக்கா? பேசாமப் போ. திரும்பிப் பாக்காமப் போ. நம்மூர்ல அப்படித்தான்."

அவள் அப்படியே போனாள். கலசங்களைப் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டாள். புத்தகத்தை முன்சீட்டில் வைத்தாள். ஒரு நன்றி இல்லை, கையசைப்பு இல்லை. அவர் சொன்னபடியே ஒன்றும் சொல்லாமல், கண்ணாடியில்கூடப் பார்க்காமல் வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அது திரும்புகிற வரைக்கும் சுப்பையன் நின்றார். ஐந்தரை வருஷம் காத்திருந்தது, அரை மணி நேரத்தில் வந்து போய்விட்டது.

உள்ளே போனார். தரையில் அவள் உட்கார்ந்த இடத்தைக் கூட்டினார். தூசி இல்லை, இருந்தாலும் கூட்டினார். வாளிகளைக் கவிழ்த்து வைத்தார். காலி மாடத்தின் முன்னால் நின்று அன்றைய ஸ்கோரைச் சொல்ல வாயெடுத்தார். யாரிடம் சொல்வது? சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார். டவுன்ஷிப் ஆள் வந்து சாவியைக் கேட்டான். கதவைச் சாத்திப் பூட்டி, சாவிக்கொத்தை அப்படியே அவன் கையில் வைத்தார். பழக்கத்தில் அவர் உள்ளங்கை கதவின்மேல் போய் நின்றது. மணி நாலு. உதடு பிரிந்தது.

நாளைக்கு வரப்போவதில்லை. சொன்னால் பொய்யாகிவிடும். ஆயிரத்தைந்நூறு நாளும் சொன்ன சொல்லுக்கு மறுநாள் காலையில் வந்து நின்றவர் அவர்.

கையை எடுத்துக்கொண்டார். படியிறங்கினார்.

சர்ச் ஹால் வாசலில் மைக் டெஸ்டிங் சத்தம். பார்க்கிங்கில் வசந்தாமணி கையில் பூத்தட்டோடு நின்றிருந்தாள். நாலைந்து வருஷமாக அவர் இருக்கிற பக்கமே திரும்பாதவள், அன்றைக்கென்று கூப்பிட்டாள்.

"சுப்பையண்ணா! பூட்டியாச்சுங்களா? அந்தப் புள்ள வந்துட்டுப் போச்சாமா? ஏனுங்ணா, உங்களத்தான்! சுப்பையண்ணா!"

அவர் பேசவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், கார்களுக்கு நடுவே புகுந்து ரோட்டுக்குப் போய், வீட்டுப் பக்கமாக நடந்தார்.